மீனெண்ணெய்க் குளிகையும் கெம்போங் மீனும்



சம்பளம் போட்ட வாரத்தில் இரவுச் சந்தைக்குப் போனால், மருந்துப் புட்டி விற்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். மீனெண்ணெய், பூண்டெண்ணெய், வைட்டமின் ‘ஈ’. எல்லாம் இயற்கை, இருதயத்துக்குக் காவல் என்பார். வீட்டில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தால் நம் கை தானாகவே மடியைத் தடவும்.

மீனெண்ணெயின் பெருமை கிரீன்லாந்திலிருந்து வந்தது. 1970-களில் டென்மார்க் அறிஞர்கள் பாங், டயர்பெர்க் இருவரும், கடல் உணவையே பெரிதும் உண்ணும் அங்குள்ள மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். ஒமேகா-3 என்னும் மீன் கொழுப்பு அதனால் புகழ் பெற்றது. அதைக் குளிகையில் அடைத்து விற்பது பிறகு வந்த வியாபாரம். அமெரிக்காவில் ஏறக்குறைய 26,000 பேரை ஐந்தாண்டுகள் கவனித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றை மொத்தமாகப் பார்த்தால், குளிகையால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

மீனாகவே சாப்பிடுவது வேறு. கெம்போங், மத்தி இரண்டிலும் அந்தக் கொழுப்பு உண்டு. வாரம் இரண்டு முறை குழம்பு வையுங்கள்; முறுகப் பொரிக்க வேண்டாம். கருவாட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெயிலில் வேர்த்து வருபவருக்கு உப்பு நாக்கில் இனிக்கும். கொதிப்புக்காரருக்கு அதுதான் பகை.

பூண்டு கொதிப்பைச் சற்றே தணிக்கலாம். ரசத்தில் தாராளமாகத் தட்டிப் போடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் பூண்டுக் குளிகையைத் தொடக்கூடாது. இரத்தக் கசிவு உண்டாகலாம்.

சீன மருந்துக் கடைகளில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி உண்மையாகவே வேலை செய்யும். அதிலுள்ள ‘மொனாக்கோலின் கே’ என்பதும் மருத்துவர் கொடுக்கும் லோவாஸ்டாட்டின் என்பதும் ஒரே பொருள். ஆகவே, கிளினிக்கில் கொடுக்கும் கொழுப்பு மாத்திரையோடு இதையும் விழுங்கினால் மருந்து இரட்டிப்பாகும். தசைவலி வரலாம், ஈரல் கெடலாம். இயற்கை என்ற சொல்லை நம்பி ஏமாறும் இடம் இது.

இவற்றையெல்லாம்விட மோசமானது, புட்டி வாங்கிவிட்டோம் என்று கொதிப்பு மாத்திரையை நிறுத்துவது. கொதிப்பு வலிக்காது, அதனால் நிறுத்தியதும் ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும். ஒரு புட்டியின் விலை என்ன, அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணம் என்ன, கணக்குப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது புட்டியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் உண்டா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள்.