முகம் எழுதும் கலை: கூத்துக் களத்திலிருந்து கணிப்பொறி வரை
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளிவிழா மேடையில் ஒரு தலைமையாசிரியர் பேச எழுந்தால், 'கல்வியின் சிறப்பு' என்ற பொருளில்தான் பேசுவார் என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. நானும் அப்படித்தான் குறிப்பெடுத்திருந்தேன். ஆனால் கடந்த கோடை விடுமுறையில் கண்ட ஒரு காட்சி என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

நம் சங்கக் கட்டடத்தில் நடந்த கணிப்பொறிப் பயிற்சி வகுப்பைப் பார்வையிட ஒருநாள் வந்திருந்தேன். ஒரு மாணவி திரையில் ஒரு பெண்ணின் முகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தாள். "இது யாரம்மா?" என்று கேட்டேன். "நான்தான் ஐயா" என்றாள். அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். திரையிலிருந்த முகம் வெளுத்திருந்தது. புருவங்கள் நூல்போல் மெலிந்து வளைந்திருந்தன. நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆயினும் அந்த முகம் என்னை விட்டு அகலவில்லை. அதனால்தான் கணிப்பொறியில் முகத்திற்கு ஒப்பனை செய்வதும் புருவம் தீட்டுவதுமாகிய இப்பொருளை இன்று எடுத்துக்கொண்டேன். இது விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் எண்ணிவிட வேண்டா. இது நம் மண்ணுக்குப் பழகிய கலை.

திருவண்ணாமலை, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்கள் தெருக்கூத்தின் தாய்வீடு. செய்யாற்றை அடுத்த புரிசை கிராமத்தையும், அங்கு வாழ்ந்து 2003-ஆம் ஆண்டு மறைந்த கண்ணப்பத் தம்பிரானையும் நாடக உலகம் நன்கறியும். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாள்கள் கழியும். இறுதியில் படுகளத்தன்று, துரியோதனனின் மாபெரும் உருவத்தை மண்ணால் தரையில் படுத்த நிலையில் வனைவார்கள். முறுக்கிய மீசையும், உருண்ட விழியும், தடித்த புருவமும் தீட்டிய பின்னரே அம்மண்குவியல் துரியோதனன் ஆகிறது.

என் தாய்மாமன் எங்கள் சேரிக் கூத்துக் குழுவில் கட்டைவேடம் கட்டியவர். மாலையில் ஒரு சிறு கண்ணாடியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, விளக்கின் முன் அமர்ந்து தம் முகத்தைத் தாமே எழுதுவார். முதலில் தேங்காய் எண்ணெய். அதன்மேல் முத்துவெள்ளை குழைத்த அடிப்பூச்சு. பிறகு வேடத்திற்குரிய வண்ணம். துரியோதனனுக்குச் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். குழுவுக்குக் குழு சிறிது வேறுபடுவதும் உண்டு. இறுதியாக, மை தொட்ட ஈர்க்குச்சியால் புருவம் எழுதுவார். "புருவம் எழுதுற வரைக்கும் நான் உன் மாமன், எழுதிட்டா ராசா" என்று சொல்லிச் சிரிப்பார். ஒப்பனைக்கு நாம் வழங்கும் 'அரிதாரம்' என்ற சொல்லே, மஞ்சள் நிறமுள்ள ஒரு தாதுப்பொருளின் பெயர்தான்.

அவர் சொன்னது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. நாட்டிய சாத்திரம் புருவ அசைவுகளை மட்டுமே 7 வகையாக வகுக்கிறது. 1978-இல் பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர், முகத்தின் தசை அசைவுகளுக்கு எண் கொடுத்து ஒரு முறையை வெளியிட்டனர். உட்புருவம் உயர்வது 1, வெளிப்புருவம் உயர்வது 2, புருவம் தாழ்ந்து நெரிவது 4 என்பன அவ்வெண்கள். துயரம், வியப்பு, சினம் ஆகியவற்றை எட்டி நின்று பார்ப்பவனுக்கும் உணர்த்துபவை இவையே. இன்று கணிப்பொறியில் முகங்களை அசைப்போர் பலர் இந்த எண்முறையைத் துணையாகக் கொள்கின்றனர். விடியவிடிய நடக்கும் கூத்தில், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கிழவிக்கும் சினம் தெரிய வேண்டும் என்பதற்காகவே என் மாமன் புருவத்தைத் தடிக்க எழுதினார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1972-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பார்க் என்ற மாணவர், சிறுசிறு பலகோணங்களை இணைத்துக் கணிப்பொறியில் மனித முகம் ஒன்றை உருவாக்கி அசைய வைத்தார். இன்றும் அடிப்படை அதுவே. மீன்வலையை ஒரு பானையின்மேல் இறுக்கிப் போர்த்தியதாக எண்ணிப் பாருங்கள். வலையின் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்தும் தள்ளியும் மூக்கு, கன்னம், தாடை ஆகியவற்றை அமைக்கிறார்கள். அதன்மேல் தோல் வேண்டும். ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்துத் தட்டையாகப் பரப்புவதுபோல, அந்த வலையைக் கணக்கிட்டு விரித்துத் தட்டையான படமாக்கி, அப்படத்தில் வண்ணம் தீட்டுகிறார்கள். தீட்டிய படம் மீண்டும் முகத்தின்மேல் சென்று பொருந்திக்கொள்கிறது. மை, பொட்டு, உதட்டுச் சாயம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வைத்தால், ஒன்றைக் கலைக்காமல் மற்றொன்றை மாற்றலாம். ஒவ்வோர் அடுக்கிலும் நிறம், அழுத்தம், பளபளப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே அமைக்க வேண்டும். நிறம் சரியாக இருந்தும் பளபளப்பு மிகுந்தால் முகம் நெகிழிப் பொம்மைபோல் ஆகிவிடும்.

புருவத்தை இரு வழிகளில் அமைக்கலாம். தோல்படத்திலேயே தீட்டிவிடுவது எளிய வழி. மயிரை இழையிழையாக முளைக்கச் செய்வது மற்றொன்று. இவ்வழியில் மயிர் சாயும் திசையை அறிந்திருக்க வேண்டும். மூக்கை ஒட்டிய பகுதியில் மயிர் மேல்நோக்கி நிற்கும். நடுவில் பக்கவாட்டில் சாயும். கடையில் கீழ்நோக்கி இறங்கும். ஒரு புருவத்தை எழுதினால் மறுபுறம் தானே பதியும் வசதி கணிப்பொறியில் உண்டு. அதைத் தொடக்கத்தில் பயன்படுத்துங்கள், முடிவில் நிறுத்திவிடுங்கள். எந்த மனிதனுக்கும் இரு புருவங்களும் அச்சு மாறாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை.

மனிதனைப் பெரிதும் ஒத்திருந்தும் முழுதும் ஒவ்வாத முகம் காண்பவருக்கு ஒருவித அச்சத்தைத் தரும் என்று ஜப்பானிய அறிஞர் மசாகிரோ மோரி 1970-லேயே எழுதினார். தமிழில் நடிகரின் அசைவுகளைப் பதிந்து உருவாக்கப்பட்ட 'கோச்சடையான்' 2014 மே 23 அன்று வெளிவந்தது. 2009-இல் மறைந்த நடிகர் நாகேஷின் உருவத்தையும் அதில் கணிப்பொறியால் மீட்டிருந்தனர். அம்முயற்சியின் துணிவைப் பாராட்டியவர்களிலேயே பலர், முகங்களில் உயிர்ப்புப் போதவில்லை என்றும் எழுதினர். கண்ணும் புருவமும் பேசாவிட்டால், எவ்வளவு பொருள் செலவழித்தும் முகம் பேசுவதில்லை.

இளைஞர்களே! இதுவரை நான் கூறியது தொழில்நுட்பம். இனிக் கூறப்போவது வாழ்க்கை.

நான் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் போட்டார்கள். வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆயினும் அரசன் வேடம் எனக்குக் கிடைக்கவில்லை. அரக்கன் வேடம் கிடைத்தது. "உனக்கு ஒப்பனைச் செலவே இல்லையடா" என்று ஒருவர் சொல்ல, அனைவரும் சிரித்தனர். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததற்காக இன்றும் வருந்துகிறேன். எங்களுள் அரசவைக் காவலனாக நின்ற ஒரு பையனுக்கு முகம் நிறைய வெள்ளைப் பவுடர் அப்பினார்கள். கரிய மேனியில் அது வெளுப்பாகத் தெரியவில்லை. சாம்பல் பூசியதாகத் தெரிந்தது.

அந்தப் பவுடர் டப்பா இன்று கணிப்பொறிக்குள் புகுந்திருக்கிறது. 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண் ஆய்வாளர்கள், முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று கூறும் வணிக மென்பொருள்கள் மூன்றைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களின் முகங்களில் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களின் முகங்களிலோ அது 34.7 விழுக்காடு வரை சென்றது. இயந்திரத்திற்கு வஞ்சம் கிடையாது. அதற்குக் காட்டிய படங்களில் கரிய முகங்கள் குறைவு, அவ்வளவே. 'பெரிதும் கற்றவர்கள் ஆக்கினார்கள், ஆகவே அது நடுநிலையானது' என்று நீங்கள் நம்பிவிடலாகாது. நம் நாட்டில் 1975 முதல் விற்ற ஒரு புகழ்பெற்ற முகப்பூச்சு, தன் பெயரிலிருந்து 'வெண்மை' என்று பொருள்படும் சொல்லை நீக்கிக்கொள்ள 2020 வரை ஆயிற்று என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சென்ற ஆண்டு என் தந்தையாரின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணப் படமாக்க ஒரு நிலையத்தில் கொடுத்தேன். என் தந்தை கல்லுடைக்கும் தொழிலாளி. தெறித்த சில்லு ஒன்று இடப்புருவத்தின் நடுவே வெட்டிவிட்டது. அவ்விடத்தில் மயிர் முளைக்கவே இல்லை. படம் அழகிய சட்டத்தில் வந்தது. என் தாயார் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "யாருடா இது? யாரோ பெரிய மனுசர் மாதிரி இருக்காரு. உங்கப்பன் புருவத்துல இருந்த வடு எங்கடா போச்சு?" என்று கேட்டார். நிறத்தை வெளுக்கச் செய்து, வடுவை நிரப்பி, புருவத்தைச் சீராக்கியிருந்தார்கள். அவர்கள் தீங்கு நினைக்கவில்லை; அழகுபடுத்தியதாகவே எண்ணினார்கள். ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்ட உழைப்பின் அடையாளம் அவர்கள் கண்ணுக்கு ஒரு குறையாகப் பட்டிருக்கிறது.

கோடை வகுப்பில் நான் கண்ட அதே மாணவியிடம் அப்படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் தாயாரை அருகில் அமர்த்திக்கொண்டு, கேட்டுக் கேட்டு இரண்டு மாலைகளில் அவள் அதைத் திருத்தினாள். அப்போது அவளே கற்றுக்கொண்டவை சில. கரிய தோலைக் காட்ட வெளிர்நிறத்தோடு கறுப்பைக் கலந்தால் முகம் செத்துவிடுகிறது. செம்மையும் மஞ்சளும் கலந்த பழுப்பில் தொடங்க வேண்டும். உதட்டின் உட்புறமும் உள்ளங்கையும் சற்று வெளிறியிருக்கும். கரிய முகத்தின் அழகு ஒளி படும் இடங்களில்தான் இருக்கிறது. ஆகவே நிறத்தை மாற்றும் முன் விளக்கை நகர்த்திப் பார்க்க வேண்டும். இறுதியாக, புருவத்தின் நடுவே இருந்த மயிரை அழித்து வடுவை வைத்தாள். "இப்பத்தான்டா உங்கப்பன்" என்றார் என் தாயார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

சென்ற கிழமை அம்மாணவி தன் பழைய கோப்பைத் திறந்து என்னிடம் காட்டினாள். தன் முகத்தையும் மாற்றி எழுதியிருந்தாள். நான் அவளிடம் எதையும் சொன்னதில்லை என்பதை இங்குக் கூறிவிட வேண்டும். யார் எந்த ஒப்பனை செய்துகொள்ள வேண்டும் என்று விதிக்க எனக்கு உரிமையில்லை. மெல்லிய புருவம் விரும்புவோர் மெலிதாகவே எழுதிக்கொள்ளட்டும். நீல நிறத்தில் முகம் எழுத விரும்பினால் அதையும் எழுதட்டும். என் மாமன் பச்சை முகத்தோடு ஆடியவர்தாமே! ஆனால் அது நம் விருப்பமாக இருக்க வேண்டும். இயந்திரம் முதலில் நீட்டும் முகத்தையே நம் முகம் என்று வாங்கிக்கொள்வது விருப்பமாகாது.

முடிவாக மூன்று செய்திகள். ஒன்று, இக்கலையைக் கற்கப் பெரும்பணம் வேண்டுவதில்லை. 'பிளெண்டர்' என்னும் மென்பொருள் 2002 முதல் எவரும் விலையின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. அதைக்கொண்டு உருவாக்கிய லாட்வியா நாட்டு 'ஃப்ளோ' திரைப்படம் 2025-இல் ஆஸ்கார் விருது பெற்றது. ஆகவே வீட்டில் சும்மாக் கிடக்கும் கணிப்பொறியைத் தூசு தட்டி எடுங்கள். இரண்டு, கற்றவர்கள் நம் ஊர் முகங்களைச் செய்யுங்கள். களை பறிக்கும் பாட்டியையும், பறையடிக்கும் அண்ணனையும், செங்கல் சூளையில் வேலை செய்யும் அக்காவையும் அவர்கள் இசைவோடு படமெடுத்து, இருக்கிறபடியே எழுதுங்கள். மூன்று, மறைந்தவர்களின் படத்தைத் தொடுமுன் அவர்களை அறிந்தவர்களைக் கேளுங்கள். நம் வீடுகளில் பழைய படங்கள் மிகச் சில. இருப்பவற்றையும் வெளுத்துவிட்டால், நம் பேரப்பிள்ளைகளுக்கு நம் முன்னோரின் முகம் தெரியாமற் போய்விடும்.

இச்சங்கத்தின் பொன்விழாவில் நான் இருப்பேனோ, மாட்டேனோ! ஆனால் அன்று இச்சுவரில் மாட்டப்படும் படங்களை நீங்கள்தாம் உருவாக்கியிருப்பீர்கள். அதில் என் படமும் இருக்குமாயின், என் முகத்தை இருக்கிறபடியே எழுதுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.