லயமும் வளவும்

(மலையகத்திலிருந்து வந்து மட்டக்களப்பில் குடியேறிய குடும்பங்களின் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரான எமது சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)



வாவிக்கரையில் நின்று மலையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மூத்தவர்களுக்கு நான் லயத்தை விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

கோப்பிக் காலத்தில் நம் ஆட்கள் பருவத்துக்கு வந்து பறித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள். அவர்கள் இரவில் படுக்கப் போட்ட நீளக் கொட்டகைதான் லயம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருடத்தில் கோப்பி இலையில் நோய் விழுந்தது. தேயிலைக்கோ வருடம் முழுக்க ஆள் வேண்டும். வந்து போனவர்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். கொட்டகைக்குக் கல்சுவரும் தகரமும் வந்தன; அளவு மட்டும் மாறவே இல்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. அடுப்பு எரிவதும், பாட்டி படுப்பதும், பிள்ளை பாடம் படிப்பதும் அங்கேதான். இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள். பின்னால் ஜன்னலுக்கே இடமில்லை, புகை போக வழியில்லை. துரை பங்களா மேட்டில், உத்தியோகத்தர் வீடுகள் அதற்குக் கீழே, லயம் பள்ளத்தில். பிரட்டுக்குத் தப்பு அடித்தால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அந்தக் கட்டடம் அதற்குத்தான் கட்டப்பட்டது, குடும்பம் நடத்த அல்ல.

அதைக் கிராமம் ஆக்கியவர்கள் நம்முடைய ஆட்கள். மாரியம்மன் கோயில், காமன் பொட்டல், பீலிக்கரை, லயத்துக்குப் பின்னால் கையகல மரக்கறித் தோட்டம், எல்லாம் அவர்கள் உண்டாக்கியவை. (காமன் கூத்து தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், தயவுசெய்து.)

ஆனால் சட்டம் அதைக் கிராமமாக ஏற்கவில்லை. 1948இல் குடியுரிமை போனது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டத்துக்குள் தடையின்றி வேலை செய்ய முடியாமல் வைத்திருந்தது; 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வரி கட்டினோம், வாக்கும் போட்டோம், லயத்துக்குப் போகும் பாதையைப் போட ஆளில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. வேறிடத்தில் வீடு கட்ட ஒரு துண்டு காணி சொந்தமாக இருந்திருந்தால் அத்தனை பேரும் அந்தச் சரிவின் கீழே இருந்திருப்பார்களா?

1977, 1983 கலவரங்களில் அடிபட்டுத்தான் உங்களில் பலருடைய பெற்றோர் இந்தப் பக்கம் வந்தார்கள். வவுனியாவிலும் கிழக்கிலும் அப்படி வந்தவர்களைக் குடியேற்றிய காந்தியம் அமைப்பைத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் டேவிட் ஐயா, கட்டடக்கலைஞர். மற்றவர் டாக்டர் ராஜசுந்தரம். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா அங்கே உயிர் தப்பி, மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்டெம்பரில் இங்கிருந்து தப்பினார். வீடில்லாதவனுக்குக் காணி காட்டியதற்கு இவ்வளவு விலை.

இனி இந்த ஊரைப் பாருங்கள். பழைய மட்டக்களப்பு வீடும் களிமண் சுவரும் கிடுகும்தான், பெரிய மாளிகை இல்லை. ஆனால் சுற்றி வேலி போட்ட வளவு உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். சீதனத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் பெயரில் உள்ள கூரையின் கீழ் தூங்குகிறாள் என்பதைக் கவனியுங்கள். லயத்தில் கொழுந்து கிள்ளுவது பெண், காம்பராவோ அவள் பெயரில் இல்லை. மலையில் இந்திய உதவியில் 7 பேர்ச்சில் 550 சதுர அடி வீடுகள் எழும்புகின்றன. நல்லதுதான். அந்த உறுதியில் யார் பெயர் என்பதுதான் சங்கம் இப்போது கேட்கிற கேள்வி.

இங்கேயும் உறுதி இல்லாமல், அனுமதிப்பத்திரம் மட்டும் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். எதுவுமே இல்லாதவர்களும் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் விபரம் பதியுங்கள். இருக்கிற கடதாசியின் பிரதியைக் கொடுங்கள், மூலப்பிரதியை யாரிடமும் விட்டுப் போகாதீர்கள். கணவன், மனைவி இருவர் பெயரையும் எழுதுங்கள்.