எத்ருஸ்கர் போர்களும் அவர்தம் மொழியும்



பிரித்தானிய அருங்காட்சியகத்தில் எத்ருஸ்கர் அணிந்த வெண்கலத் தலைக்கவசம் ஒன்று உள்ளது. 1817இல் கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் கிடைத்தது அது. கி.மு. 474இல் கூமே கடற்போரில் எத்ருஸ்கரை வென்ற சிராக்யூஸ் மன்னன் ஹீரோன், கைப்பற்றிய பொருளைச் சேயுஸ் கடவுளுக்குப் படைத்ததை அதன்மேல் கிரேக்க மொழியில் பொறித்திருக்கிறான். அணிந்தவன் பெயர் அதில் இல்லை. எத்ருஸ்கரின் போர்களைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் இவ்வாறே, அவர்களை வென்றவர்களின் எழுத்து வழியாக வந்தவை.

ரோமுக்கு வடக்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் இருந்தது வேயி நகரம். பத்தாண்டு முற்றுகைக்குப் பின், கி.மு. 396இல், கமில்லஸின் படை சுரங்கம் தோண்டிக் கோட்டையிலிருந்த யூனோ கோயிலுக்குள் புகுந்தது என்கிறார் லிவி. நிகழ்ச்சிக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டுப் பின்னர் எழுதியவர் அவர். பத்தாண்டு என்றதும் ட்ராய் நகரம் நினைவுக்கு வராமல் போகாது. இக்கதையின் ஒரு பகுதி நாடக மேடைக்கே உரியது என்று லிவியே ஒதுக்குவதும் கருதத்தக்கது. ஆயினும் வேயியைச் சூழ்ந்த மென்பாறையில், நீரை வடிப்பதற்காக எத்ருஸ்கர் குடைந்த நிலத்தடிக் கால்வாய்கள் பலவற்றை இன்றும் காணலாம். அவற்றைக் கண்டவர் வாயிலாகவே சுரங்கக் கதை வளர்ந்தது என்பது என் கருத்து.

வோல்சினியின் செய்தி வேறு. கி.மு. 264இல் அந்நகரை வீழ்த்திய ஃபுல்வியஸ் ஃபிளாக்கஸ் தன் பெயரைப் பொறித்து நிறுவிய கற்பீடம், ரோமின் சாந்த் ஒமோபோனோ அகழ்விடத்தில் வெளிப்பட்டது. அதன் மேற்பரப்பில் வெண்கலச் சிலைகளைப் பொருத்திய குழிகள் உள்ளன. இரண்டாயிரம் சிலைகளுக்காகவே ரோமர் அந்நகரைத் தாக்கினர் என்றொரு பழைய ஏச்சினைப் பிளினி குறிப்பிடுகிறார். எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை. கொள்ளைக்குப் பீடமே சான்று.

நகரங்கள் வீழ்ந்தன, மொழி உடன் வீழவில்லை. இதனை இங்கே வற்புறுத்த விரும்புகிறேன். வோல்சினி அழிந்த பின்னும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எத்ருஸ்கர் தம் மொழியிலேயே கல்லறைகளில் எழுதினர். கி.மு. 90ஐ ஒட்டி ரோமக் குடியுரிமை கிடைத்தது. பதவியும் வழக்கும் படைப்பணியும் இலத்தீன் வழியே நடந்தன. அதன்பின் சில தலைமுறைகளில் எத்ருஸ்கக் கல்லெழுத்து நின்றுபோயிற்று.

பெருஜியா நகருக்கு அருகே, 1840இல் கண்டறியப்பட்ட வெலிம்னா குடும்பத்தின் நிலத்தடிக் கல்லறையில் இம்மாற்றத்தைக் கண்ணால் காணலாம். மூத்தோரின் சாம்பற்பேழைகளில் எத்ருஸ்கம் மட்டுமே உள்ளது. இறுதியாக வைக்கப்பட்ட பளிங்குப் பேழையில் இரு மொழிகளும் உள்ளன. எத்ருஸ்கத்தில் பூப் வெலிம்னா எனப்படுபவன் இலத்தீனில் புப்ளியஸ் வொலும்னியஸ் ஆகிவிட்டான். ஆனால், அந்த இலத்தீன் வரியிலும் அவன் கஃபாத்தியாவுக்குப் பிறந்தவன் என்றிருக்கிறது. தாயின் பெயரைச் சேர்ப்பது ரோமர் வழக்கமன்று, எத்ருஸ்கர் வழக்கம்.