பிள்ளையின் தொழிலுக்கு இணையத்தில் ஒரு பெயர்

தோட்டத்தில் பிறந்து, மின்கம்பி வேலை படித்து, இன்று வீட்டுக் கூரைகளில் சூரிய ஒளித் தகடுகள் பொருத்தும் தொழிலில் இறங்கியிருக்கும் பிள்ளைகள் சிலரை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவரின் தாயார் அண்மையில் எங்களிடம் வருந்திச் சொன்னார்: "வேன் இருக்கு, ஆளு இருக்கு, வேலையும் தெரியும். பேரு மட்டும் எங்க கையில இல்லீங்க."

நடந்தது இதுதான். தொழில் தொடங்கியபோது, தெரிந்தவர் ஒருவர் குறைந்த செலவில் இணையத்தளம் அமைத்துக் கொடுத்தார். அதன் முகவரியைத் தம் பெயரிலேயே பதிந்துகொண்டார். மகன் அதைக் கவனிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து இருவருக்கும் மனத்தாங்கல். முகவரியை விட்டுக்கொடுக்க அவர் பெருந்தொகை கேட்டார். வேனில் எழுதிய பெயரை அழிக்க வேண்டியதாயிற்று; அச்சடித்த ரசீதுப் புத்தகங்கள் வீணாயின. பழைய வாடிக்கையாளர்கள் கைப்பேசியில் தேடினால் வெற்றுப் பக்கம்தான் வந்தது.

இணைய முகவரி என்பது என்ன? கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. அந்த எண்கள் நமக்கு மனத்தில் நில்லா. ஆகவே பெயர் வைத்தார்கள். செக்ரோலில் ஓர் எண்ணுக்கு இரண்டு பேர் இருக்க முடியாதல்லவா? அதுபோல ஒரு முகவரி உலகத்தில் ஒருவருக்கே உரியது. முந்திப் பதிந்தவருக்கே கிடைக்கும்.

பெயரைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம்மவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். 'சக்தி' என்று வைக்க ஆசைப்படுவோம். ஆங்கில எழுத்தில் ஒருவர் 'எஸ்' மட்டும் போடுவார். இன்னொருவர் கூடவே 'எச்' சேர்ப்பார். 'டி'க்குப் பின்னும் அதே குழப்பம். 'சூரியா'வை எழுதவும் மூன்று நான்கு வழிகள் உண்டு. வாடிக்கையாளரோ மலாய்க்காரராகவும் சீனராகவும் இருப்பார். மலாய் மொழியிலும் சூரியனுக்கு அந்தச் சொல் இருக்கிறது. அவர்கள் எஸ், யு, ஆர், ஐ, ஏ என்றே எழுதுவார்கள். நீங்கள் வேறு விதமாகப் பதிந்தால் உங்களைத் தேடி வந்தவர் வேறொருவர் கடைக்குப் போய்விடுவார். ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். நினைத்த பெயரைத் தொலைபேசியில் ஒரே முறை சொல்லி, மலாய் நண்பர் ஒருவரையும் சீன நண்பர் ஒருவரையும் எழுதச் சொல்லுங்கள். இருவரும் பிழையின்றி எழுதினால் அது நல்ல பெயர். நடுவில் கோடும் எண்ணும் வேண்டாம். தகடு தயாரிக்கும் பெரிய நிறுவனத்தின் பெயரை ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். அவர்கள் முறையிட்டால் முகவரியே பறிபோகலாம்.

அடுத்து, பெயருக்குப் பின் வரும் வால். 'டாட் காம்' 1985 முதல் இருக்கிறது. சிறிய, நல்ல பெயர்கள் பெரும்பாலும் போய்விட்டன. 2014இல் 'டாட் சோலார்' என்று இத்தொழிலுக்கு ஏற்ற வால் ஒன்று வந்தது. தொழில் என்னவென்று அதுவே சொல்லிவிடும். ஆனால், ஏணியில் ஏறவே தெரியாதவரும் அதை வாங்கலாம், தகுதி கேட்பாரில்லை. 'டாட் காம் டாட் மை' வாங்க மலேசியாவில் தொழில் பதிந்த சான்று வேண்டும். உள்ளூர் மக்களுக்கும் அது பழகிய வால். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள் என்போம். கையில் பணம் மிஞ்சினால் 'சோலார்' பிறகு வரட்டும். வேனுக்குச் சாயம் பூசுமுன், எஸ்.எஸ்.எம். பதிவிலும் இணையத்திலும் ஒரே பெயர் கிடைக்கிறதா என்று ஒரே நாளில் பார்த்துவிடுவது நல்லது.

முகவரியை வாங்கினோம் என்று சொல்கிறோம். உண்மையில் அது வாடகைதான். லயத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: வேலை நின்றால் வீட்டையும் விட வேண்டும். இங்கே கட்டணம் நின்றால் பெயர் போய்விடும். முதலாண்டு மலிவாகக் கொடுத்து, இரண்டாம் ஆண்டு கூடுதலாகக் கேட்கும் விற்பனையாளர்கள் உண்டு. புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

பதியும்போது உரிமையாளர் என்ற இடத்தில் பிள்ளையின் பெயரோ அவர் பதிந்த தொழிலின் பெயரோ இருக்க வேண்டும். தளம் அமைப்பவர் பெயர் அங்கே வரக்கூடாது. மின்னஞ்சலும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். நினைவூட்டுக் கடிதம் அதற்குத்தான் வரும். கடவுச்சொல்லை அவரே வைத்திருக்க வேண்டும். பணம் கட்டிய ரசீதைத் தொழில் பதிவுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

தவணை தவறினால்? 'டாட் காம்', 'டாட் சோலார்' போன்றவை நீக்கப்பட்ட பின்னும் 30 நாள் மீட்கும் காலம் உண்டு. அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதுவும் கடந்தால் மேலும் 5 நாளில் பெயர் வெளியே வந்துவிடும். இப்படி விழும் பெயர்களுக்காகவே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தாயாரின் மகன் இப்போது வேறொரு பெயரைத் தம் பேரிலேயே பதிந்திருக்கிறார். புதுப்பிக்க வேண்டிய தேதியை அம்மா சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார்.