பூதம் பந்தியில் உட்கார்ந்தால்

அண்மையில் பார்த்தும் படித்தும் ரசித்த மாயக்கதைகளைப் பற்றி வானொலியில் பேசச் சொன்னார்கள். எது எது பிடித்தது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! அதனால் இன்றைய பேச்சும் அந்தப் பக்கமாகத்தான் போகும். இன்னும் சாப்பிடாதவர்கள் தட்டைப் போட்டுக்கொண்டே கேட்கலாம்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி கரண்ட் இருந்தால் பிள்ளைகளுக்குப் படம் உண்டு. அப்படித்தான் ‘மாயா பஜார்’ போட்டேன். 1957-ல் வந்த படம். கே.வி. ரெட்டி இயக்கம், மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக வந்து கல்யாணச் சாப்பாட்டை ஒண்டியாகத் தீர்க்கிற காட்சியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லட்டு தானாகப் பறந்து வந்து வாய்க்குள் விழும். சினிமாவில் கம்ப்யூட்டர் நுழையாத காலத்து வேலை அது.

ஹாலே சிரிக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் கவலையாக எழுந்தான். “டீச்சர், இவ்ளோத்தையும் இவனே துன்னுட்டா பந்திக்கு இன்னா பண்ணுவாங்க?” கல்யாணம் என்றால் ஊரே கூடி அடுப்பு மூட்டுகிற கிராமத்துப் பையன் வேறு என்ன கேட்பான்? சமையல்கார அக்கா கரண்டியும் கையுமாகக் கதவோரம் நின்று பார்த்தார். “இந்த ஆளுக்கு ஆக்கிப் போட நம்மால ஆவாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் நேயர்களே, இரண்டு பேரும் கடோத்கஜனை நம்பிவிட்டார்கள். பூதம் மலைபோல இருக்கும் என்று எத்தனை வசனம் சொன்னாலும் நம்பாத மனசு, அண்டா காலியானதைப் பார்த்ததும் நம்பிவிடுகிறது. நல்ல மாயக்கதைக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கிறது.

ஜப்பான் இயக்குநர் மியாசாகிக்கு நன்றாகத் தெரியும். அவருடைய ‘ஸ்பிரிட்டட் அவே’, 2001-ல் வந்த சித்திரப் படம், நாங்கள் பார்த்தது இந்த வருஷம்தான். சிஹிரோ என்று பத்து வயதுப் பெண். ஆளில்லாத கடையில் அடுக்கியிருந்த பலகாரத்தை அவளுடைய அப்பாவும் அம்மாவும் கேட்காமல் எடுத்துத் தின்று பன்றியாகிவிடுகிறார்கள். ஆவிகள் வந்து குளிக்கிற பெரிய விடுதியில் சிஹிரோ வேலைக்குச் சேர வேண்டியதாகிறது. அங்கே அவளுடைய பெயரையே பிடுங்கிக்கொள்கிறார்கள். அத்தனை நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவளிடம் ஹாக்கு என்ற பையன் ஒரு சோற்று உருண்டையைக் கொடுக்கிறான். இரண்டு வாய் தின்றதும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது.

படம் ஜப்பான் மொழியில் ஓடியது. கீழே வரும் ஆங்கில எழுத்தைப் பார்த்து நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த இடத்தில் என் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. ஜூன் மாதம் புதிதாக வந்து சேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்கள். ஒரு கவளம் வாய்க்குப் போகாது. பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து “சாப்டு” என்றதும் அழுகை பீறிடும். அழுது முடித்தபிறகுதான் சோறு இறங்கும். படம் முடிந்து ஒரு பெண் கேட்டாள்: “டீச்சர், ஜப்பான்லயும் ஆஸ்டல் இருக்குதா?” இதற்குமேல் ஒரு விமரிசனம் என்னால் எழுத முடியாது.

வேதாளம் கதைக்கு வருகிறேன். 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த படம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக நடக்கிறானே விக்கிரமன், அதே படம்தான். அந்த வேதாளக் கதைகளில் நுண்ணுணர்வு மிக்க மூவரின் கதை ஒன்று உண்டு. ராஜா வீட்டு விருந்தில் ஒருவன் இலையைத் தள்ளி வைக்கிறான். சோற்றில் பிணவாடை அடிக்கிறதாம். விசாரித்தால், அந்த நெல் சுடுகாட்டை ஒட்டிய வயலில் விளைந்தது! இதைப் போய் வகுப்பில் சொல்லிவிட்டேன். மறுநாள் மத்தியானம் வரிசையில் நிற்கிற ஒவ்வொன்றும் தட்டை மோந்து பார்க்கிறது. சமையல்கார அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவதைக் கேட்டால் தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம். நானும் தமிழாசிரியைதான், வரட்டும். மாயக்கதைகளுக்குப் பழகிய கண்ணோடு சங்க நூலான மலைபடுகடாத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். நன்னன் என்ற மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தன், எதிரே வருகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான். எங்கே போக? செங்கண்மாவுக்கு, எங்கள் மலையடிவாரச் செங்கத்துக்கு! பன்றிக்குப் பொறி வைத்திருக்கும், பார்த்துப் போ. யானையை விரட்ட எறிகிற கவண்கல் உன்மேல் படாமல் ஒதுங்கு. தெய்வம் குடியிருக்கிற இடத்தை உற்றுப் பார்க்காதே. நடுகல்லைக் கும்பிட்டுப் போ. சாகசக் கதைகளின் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்குமே, அதைவிட இது நுணுக்கம். வழியெல்லாம் சோறு வேறு! மூங்கிலரிசியும் மேட்டு நெல்லும் அவரையும் சேர்ந்த புளிங்கூழ் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாட்டில் நடுகல் என்றால், எங்கள் மலையில் கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒன்றை மூடி வைத்த கல்திட்டைகள் உண்டு. பெருங்கற்காலத்து ஈமச் சின்னம் என்பது தொல்லியல். குள்ளர்கள் குடியிருந்த வீடு என்பது ஊர்ப்பேச்சு. “அவ்ளோ சின்ன வூட்டுக்குள்ள அடுப்பு எங்க வெப்பாங்க?” என்பது எங்கள் மூன்றாம் வகுப்பின் சந்தேகம்.

நேரம் ஆகிவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மம்மூட்டியின் ‘பிரமயுகம்’, 2024, கறுப்பு வெள்ளைப் படம். பாழடைந்த மனையில் அந்த வீட்டுக்காரப் போத்தி சாப்பிடுகிற விதமே பயமுறுத்தும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 2025-ல் வந்த ‘லோகா’ படம் பழங்கதை யட்சியான கள்ளியங்காட்டு நீலியைப் பெங்களூருக்குக் குடி வைத்திருக்கிறது. நீலியின் பழைய கதை வருகிற பகுதி எனக்குப் பிடித்தது. கடைசிப் பாதியில் சண்டையைக் குறைத்திருக்கலாம். ஜெயமோகனின் ‘பனி மனிதன்’ நாவலை வகுப்பில் பாதி வரை வாசித்திருக்கிறோம், அதைப் பற்றி இன்னொரு நாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டி சொன்ன கதையில் பேயோ பூதமோ ராட்சசியோ என்ன சாப்பிட்டது என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். வருகிற சனிக்கிழமைகளில் கரண்ட் போனால் வாசித்துக் காட்ட எனக்குக் கதை வேண்டும்.