மரத்தடி மெத்தைப் பாசி

(சிம்பாங் அம்பாட் வட்டாரத் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



பால் வெட்டச் செல்லும் நீங்கள் நாள்தோறும் காணும் ஒரு சிறு தாவரத்தைப் பற்றிப் பேச விழைகிறேன். பால்மரத்தின் அடியிலும், தென்னையிலும், செம்பனையின் மட்டை வெட்டிய கட்டைகளிலும் வெளிறிய பச்சை நிறத்தில் சிறு மெத்தைகளாக ஒரு பாசி வளர்கிறது. அழுத்தினால் நனைந்த பஞ்சைப் போல நீர் கசியும். இதனைத் தாவர நூலார் ஆக்டோபிளெஃபாரம் அல்பிடம் என்பர். வித்துத்தூள் அடங்கிய சிமிழின் வாயில் எட்டுப் பற்கள் இருப்பதால் வந்த பெயர். நாவில் எளிதில் நுழையாத அப்பெயரை விடுத்து, நாம் மெத்தைப் பாசி என்றே வழங்குவோம்.

இதன் இலையில் பச்சை அறைகளைச் சூழ்ந்து வெற்றறைகள் பல அடுக்காக உள்ளன. மழை பெய்தால் அவற்றில் நீர் நிறையும். வெயிலில் காற்று புகுந்து இலை வெளுக்கும். செடிகள் நெருங்கி மெத்தையாக நிற்பதால் ஈரம் விரைவில் போவதில்லை. உடைந்த இலைத் துண்டிலிருந்தும் புதுச்செடி முளைக்கும். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலையைப் போன்ற குளிர்ந்த மலைக்காடுகளில் இதை ஒத்த லியூகோபிரையம் என்னும் பாசி இன்னும் பருத்த மெத்தைகளாக வளர்கிறது.

இப்பாசி மரத்தின் பாலை உறிஞ்சிவிடும் என்று நம்மிற் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இதற்கு வேரே கிடையாது. பற்றிக்கொள்ளும் நுண்மயிர்கள் மட்டுமே உண்டு. அவை பட்டையின் மேற்புறத்தோடு நின்றுவிடும். பால் குழல்களோ உட்பட்டையில் உள்ளன. உணவைத் தன் பச்சையத்தாலும், நீரை மழையாலும் பனியாலும் இது தானே தேடிக்கொள்கிறது.

ஆனால், பாசியை ஒழிப்பதாக எண்ணிப் பால் கத்தியால் அடிமரத்தைச் சுரண்டுவது பெருங்கேடு. பட்டைக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள மெல்லிய வளர்படலம் காயமுற்றால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே கத்தி சீராக ஓடாது; கூலி தரும் பட்டையை நாமே கெடுத்தவர்களாவோம். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஆகாது. வெட்டுக்கோட்டின் வழியில் பாசி இருந்தால், சாக்குத் துண்டால் மெல்லத் துடைத்தாலே போதும்.

ஒரு நிரையில் மட்டும் பாசி மிகுந்திருந்தால், அங்கே நிழலும் ஈரமும் மிகுதி என்று அறியலாம். ஈரப்பட்டையில் பால் கோட்டை விட்டு வழிந்து, மங்கில் சேராமல் வீணாகும். மழைக்காலத்தில் வெட்டிய இடத்தில் கருங்கோடுகள் தோன்றும் நோயும் ஈரத்தில்தான் பரவும். அதற்குக் காரணம் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரே, பாசியன்று. அத்தகைய நிரைகளில் பட்டை உலர்ந்த பின்னரே வெட்டுங்கள். கருங்கோடு கண்டால் அன்றே கங்காணியிடம் மரத்தைக் காட்டுங்கள்.