விரலுக்கு விலை போட்டாச்சு தோழர்களே!

(அம்பத்தூர் தெருமுனைக் கூட்ட உரையிலிருந்து)



அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் பவர் பிரஸ் ஓட்டுற தம்பிகளோட கையைப் பாருங்க. பத்து விரலும் இருக்கான்னு எண்ணிப் பாருங்க.

நீங்க ஓட்டுற பைக்குக்கும் காருக்கும் பார்ட்ஸ் அடிச்ச கை அது. கை உள்ளே இருந்தால் மெஷின் நிற்கணும், அதற்குத்தான் சென்சார். உற்பத்தி குறையுதுன்னு அதை அணைச்சு வைக்கிறாங்க. விரல் போனதும் ‘கவனக்குறைவு’ன்னு பழி தொழிலாளி மேல!

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் போட்ட கணக்கு: கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, சுண்டுவிரல் 7. ஆனா விரல் போன ஒப்பந்தத் தொழிலாளிக்கு கம்பெனி கேட்டே திறக்கலைன்னா, இழப்பு நூறு சதவீதம் அல்லவா?

ஒன்றை மனசுல வைங்க. இஎஸ்ஐ உள்ள தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உதவித்தொகை உண்டு. குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம். நிரந்தர ஊனம் என்றால் மாதாமாதம் பணம்.

“வீட்டில் அடிபட்டதுன்னு எழுதிக் கொடு, செலவை நாங்க பார்த்துக்கிறோம்” என்றால் கையெழுத்துப் போடாதீங்க! விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்க. நாளைக்கு உங்க குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த ஒரு வரிதான்.

இந்தப் பதிவை ஒரு தொழிலாளிக்காவது அனுப்புங்க தோழர்களே!

#தொழிலாளர்_பாதுகாப்பு